சர்வதேசப் போலீசுக்குத் தலைவர்: அபேட்சகரை விசாரிப்பது யார்?

நாமகிரிப்பேட்டை மஞ்சள் ஏலத்தில் மூட்டையைத் திறந்து பார்க்காமல் எந்த வியாபாரியும் விலை சொல்லமாட்டார். விரலியா, உருண்டையா, பனங்காளியா என்று பார்ப்பார். ஒன்றை ஒடித்து உள்ளே நிறம் பார்ப்பார். விவசாயி வியர்வை சிந்தி விளைவித்த சரக்குக்கு இத்தனை பரிசோதனை! ஆனால் 190க்கும் மேற்பட்ட நாடுகளின் போலீஸ் இலாகாக்கள் கூடியுள்ள இன்டர்போல் என்ற ஸ்தாபனத்துக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது மூட்டையை யாரும் அவிழ்ப்பதில்லை. போலீஸ் அதிகாரிகள் கூடுகிறார்கள், ரகசியமாக ஓட்டுப் போடுகிறார்கள், கலைகிறார்கள். எந்த நாடு யாருக்குப் போட்டது என்பது அந்த நாட்டு ஜனங்களுக்கே தெரியாது.

யார் அந்த அபேட்சகர்?

2021 நவம்பரில் துருக்கியின் இஸ்தான்புல் நகரில் இந்தத் தேர்தல் நடந்தது. ஐக்கிய அரபு எமிரேட்ஸ் உள்துறை அமைச்சகத்தின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அகமது நாசர் அல் ரைசி நின்றார். எதிர்த்து நின்றவர் செக் நாட்டுப் போலீஸ் அதிகாரி சார்க்கா ஹவ்ரான்கோவா. மூன்றாவது சுற்றில் சுமார் 69 சதவிகித ஓட்டுடன் அல் ரைசி ஜெயித்தார். நான்காண்டுப் பதவிக்காலம் 2025இல் முடிந்தது.

தேர்தலுக்கு முன்பே அவர்மீது சித்திரவதைப் புகார்கள் கொடுக்கப்பட்டிருந்தன. 2018இல் துபாயில் கைதான பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் மாத்யூ ஹெட்ஜஸ், தம்மை மாதக்கணக்கில் தனிக்கொட்டடியில் அடைத்து வதைத்தார்கள் என்றார். 2019இல் கால்பந்துப் போட்டி பார்க்கப் போன அலி இசா அகமது, கத்தார் நாட்டுச் சட்டை அணிந்ததற்காகப் பிடித்து அடித்தார்கள் என்றார். எமிரேட்ஸ் சர்க்கார் இவற்றை மறுத்தது. உண்மை எது? நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். 2022இல் பிரான்சில் விசாரணை நீதிபதி ஒருவர் புகாரைக் கையிலெடுத்தார். அதற்குள் அபேட்சகர் தலைவராகிவிட்டார்! போலீஸ்மீது வரும் புகார்களை விசாரிக்க வேண்டியதே அவர் வகித்த இன்ஸ்பெக்டர் ஜெனரல் பதவிதான் என்று மனித உரிமை அமைப்புகள் சுட்டிக்காட்டியதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

தேர்தலுக்கு நான்கு ஆண்டு முன்பு, 2017இல், அதே சர்க்கார் இன்டர்போலின் திட்டங்களுக்கு 5 கோடி யூரோ தருவதாக ஒப்பந்தம் செய்துகொண்டது. பணத்துக்கும் பதவிக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லலாம். சாமானியன் அதை நம்புவானா?

புதிய வியாதி அல்ல

1923இல் வியன்னாவில் பிறந்த ஸ்தாபனம் இது. 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது இதையும் சேர்த்து விழுங்கினான். 1940இல் தலைவர் நாற்காலியில் அமர்ந்தவன் ஹைட்ரிக். யூத மக்களைக் கொன்றொழிக்கத் திட்டமிட்ட நாஜி அதிகாரி. யுத்தத்துக்குப் பின் ஸ்தாபனம் புதிதாகக் கட்டப்பட்டது. அரசியல், ராணுவ, மத, இன விவகாரங்களில் தலையிடக் கூடாது என்று அதன் விதிகளின் 3ஆம் பிரிவு சொல்கிறது. விதி நல்ல விதிதான். ஆட்களோ? 2004இல் தலைவரான தென்னாப்பிரிக்காவின் ஜாக்கி செலெபி, 2010இல் லஞ்ச வழக்கில் 15 ஆண்டு தண்டனை பெற்றார். 2016இல் தலைவரான சீனாவின் மெங் ஹோங்வெய் 2018இல் பதவியிலிருக்கும்போதே காணாமல் போனார். சீன அதிகாரிகள் பிடித்து வைத்திருப்பது பிறகே உலகுக்குத் தெரிந்தது. 2020இல் அவருக்கு லஞ்சக் குற்றத்துக்காகப் பதின்மூன்றரை ஆண்டு சிறை. எந்த நாட்டார் ஆனாலும் சரி, இருட்டில் தேர்ந்தெடுத்தால் விளைவு இதுதான்.

தலைவர் பதவி சம்பளமில்லாப் பதவி, அன்றாட வேலை பொதுச் செயலாளருடையது என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். அந்தப் பொதுச் செயலாளரைக் கண்காணிக்கும் நிர்வாகக் கமிட்டிக்கு யார் தலைமை? இதே தலைவர்தான்!

நமக்கு என்ன?

சேலம், நாமக்கல் கிராமங்களிலிருந்து வளைகுடாவுக்குப் போய் உழைப்பவர்கள் எத்தனையோ பேர். ஒரு நாட்டுப் போலீஸ் கேட்டு, இன்டர்போல் சிவப்பு அறிவிப்பு விடுத்தால், எந்த விமான நிலையத்திலும் மனிதனை நிறுத்திவிடலாம். பஹ்ரைனிலிருந்து தப்பி ஆஸ்திரேலியாவில் அடைக்கலம் பெற்ற கால்பந்து வீரர் ஹக்கீம் அல் அரைபியை 2018இல் பாங்காக்கில் பிடித்தது இப்படித்தான். அறிவிப்பு ரத்தான பிறகும் இரண்டு மாதத்துக்கு மேல் சிறையில் கிடந்தார். பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடியில் தேடப்பட்ட வைர வியாபாரி மெஹுல் சோக்சி விஷயமோ வேறு. அவர்மீதான சிவப்பு அறிவிப்பு 2022இல் நீக்கப்பட்டது. வக்கீல் வைக்க வசதியுள்ளவனுக்கு மேல்முறையீடு, கூலிக்காரனுக்குக் கொட்டடி!

போலீஸ் தன்னைத் தானே விசாரித்தால் என்ன ஆகும் என்பதை நம் பகுதி நன்றாக அறியும். 1950 பிப்ரவரி 11இல் சேலம் மத்திய சிறைக்குள் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; பெரும்பாலோர் மலபார் விவசாயிகள். 1992இல் வாச்சாத்தி மலைமக்களுக்கு வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் இழைத்த கொடுமையை, முதலில் எந்த இலாகாவும் ஒப்புக்கொள்ளவில்லை. மக்கள் விடாமல் போராடினார்கள், வழக்கு சி.பி.ஐ.யிடம் போனது. 2011இல் 215 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வெளியிலிருந்து விசாரித்ததால்தான் நியாயம் கிடைத்தது.

இந்தியா பதில் சொல்லட்டும்

இஸ்தான்புல்லில் அல் ரைசி ஜெயித்த அதே கூட்டத்தில், சி.பி.ஐ. அதிகாரி பிரவீண் சின்ஹா ஆசியப் பிரதிநிதியாக நிர்வாகக் கமிட்டிக்குத் தேர்வானார். 2022இல் பொதுச்சபை டில்லியிலேயே கூடியது. ஆகவே இது தூரதேசத்து விவகாரமல்ல; நம் சர்க்காரின் ஓட்டும் இதில் உண்டு.

நாம் கேட்பது மூன்று. ஒன்று, இத்தகைய தேர்தலில் இந்தியா யாரை ஆதரிக்கிறது, ஏன் ஆதரிக்கிறது என்பதைப் பார்லிமெண்டில் சொல்ல வேண்டும். இரண்டு, சித்திரவதைப் புகார் நிலுவையிலுள்ள எவருக்கும், விசாரணை முடியுமுன் ஓட்டுப் போடக் கூடாது. மூன்று, சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்துப் போட்ட இந்தியா, அதை இன்றுவரை உறுதி செய்யவில்லை; உடனே செய்ய வேண்டும்.

மூன்றாவதுதான் முதன்மையானது. நம் வீட்டு லாக்கப்பில் தடியைக் கீழே வைக்காதவன், உலகப் போலீசின் யோக்கியதையைப் பற்றி எந்த முகத்தோடு பேசுவான்? விவசாய சங்கங்களும், தொழிற்சங்கங்களும், வக்கீல்களும் இந்தக் கோரிக்கையைத் தங்கள் தீர்மானங்களில் சேர்க்கட்டும். எம்.பி.க்கள் ஓட்டுக் கேட்டு வரும்போது இதையும் கேளுங்கள்!