திருடனிடம் பாடம் கேட்போமா, லாடம் கட்டுவோமா?

பேப்பரில் அடிக்கடி வரும் செய்திதான். பிடிபட்ட ஆளைச் சம்பவ இடத்துக்கே அழைத்துப்போய், எப்படிச் சுவரேறிக் குதித்தான் என்று போலீஸ் நடித்துக் காட்டச் சொல்லும். சுற்றிலும் காக்கிச் சட்டை, மொட்டை மாடியெல்லாம் கூட்டம். திருடன் எப்படி யோசிக்கிறான் என்று நம்மூரில் 'ஆராய்வது' இவ்வளவுதான்.

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் கிளேர் நீ (சத்தியமாக அதுதான் பெயர்!) என்கிற உளவியல் பேராசிரியர் வேறு மாதிரி செய்தார். கணினிக்குள் ஒரு வீட்டைக் கட்டினார். முன்னாள் திருடர்கள் சிலரையும் மாணவர்கள் சிலரையும் விட்டு, திருடிக் காட்டுங்கள் என்றார். 2015ல் முடிவு வெளியானது. திருடர்கள் விலை உயர்ந்த பொருள் இருக்கும் இடங்களில்தான் நேரத்தைச் செலவழித்தார்கள்; கொஞ்சமாக எடுத்தார்கள், மதிப்போ அதிகம். நிஜ வீட்டில் வைத்த சோதனையிலும் ஏறக்குறைய இதே கதை. பிறகு வந்த ஆய்வுகளில் வீடு ஒரு தெருவாக வளர்ந்தது, வி.ஆர். கண்ணாடி வந்தது, சிறைக் கைதிகளே கலந்துகொண்டார்கள்.

இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். "திருடனுக்குக் கண்ணாடியா? லாடம் கட்டினா தானா உண்மை வரும்!"

வராது சார். அடிக்கிறவர் கேட்க விரும்பிய பதில்தான் வரும். அதனால்தான் போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று 1872ஆம் வருஷச் சாட்சியச் சட்டமே சொன்னது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதுச் சட்டமும் அதையேதான் சொல்கிறது. லாடம் யாருக்கு விழுகிறது என்பதையும் பாருங்கள். 1871ல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் போய் எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் 1993ல் கம்மாபுரத்தில் திருட்டுப் பழி சுமத்தி அடித்தே கொல்லப்பட்டவர் ஒரு குறவர். 'ஜெய் பீம்' படத்துக்கு மூலம் அந்த வழக்குதான்.

விஞ்ஞானம் என்றாலும் நமக்குப் பிடித்தது தலையில் ஒயர் மாட்டும் பிரெய்ன் மேப்பிங். சம்மதமில்லாமல் செய்யக்கூடாது என்று 2010ல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. இவன் செய்தானா என்பது மட்டும்தான் நம் கேள்வி. அந்த வீட்டை ஏன் தேர்ந்தெடுத்தான் என்று கேட்க ஆளில்லை.

போர்ட்ஸ்மவுத் முடிவை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் வந்து பாருங்கள். பட்டாபிராம், திருமுல்லைவாயல் ஓரத்துப் புது நகர்களில் இரண்டு வீட்டுக்கு நடுவே நாலு காலி மனை, ஆள் உயரத்துக்கு முள்செடி. கோலம் போடாத வாசல், கேட்டிலேயே தொங்கும் பால் பாக்கெட், வெளியே ஒரு பெரிய பூட்டு. இதில் எது திருடனை வா என்கிறது? எது விரட்டுகிறது? தெருவிளக்கா, நாயா, வாசலில் உட்கார்ந்திருக்கும் எதிர்வீட்டு மாமியா? ஊருக்குப் போனால் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள், கேமரா வையுங்கள் என்கிறார்கள். நல்லது. ஆனால் கேமராவைப் பார்த்துத் திருடன் உண்மையிலேயே பயப்படுகிறானா என்று அவனிடம் யார் கேட்டது?

பதில் தெரிந்தவர்கள் புழல் சிறையில் இருக்கிறார்கள். அம்பத்தூரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. கணினிக்குள் ஒரு அம்பத்தூர்த் தெருவைக் கட்ட நம் பசங்களுக்குத் தெரியாதா என்ன? விருப்பப்பட்ட கைதி மட்டும் வரட்டும். காட்டியது எதுவும் அவர் கேஸில் சேரக்கூடாது, அந்த அறைக்குள் போலீஸ் எட்டிக்கூடப் பார்க்கக்கூடாது. இந்த உத்தரவாதத்தை எழுத்தில் கொடுக்காமல் கண்ணாடியை மாட்டிவிட்டால், அதுவும் விலங்கு மாட்டி நடித்துக் காட்டச் சொல்வது மாதிரிதான்.