‘போர்ட் போச்சு’ எண்டா என்ன போனது?

பயோஸ் அப்டேட் இடையில் நின்றுபோன ஒரு கொம்பியூட்டரைத் திருத்துற கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் ஒரே தீர்ப்புத்தான் கிடைக்கும்: “போர்ட் போச்சு தம்பி, புதுசு போடோணும்.” ஃபேன் சுத்துது, லைட் எரியுது, திரை மட்டும் கறுப்பு. இந்தத் தீர்ப்பை நம்பிப் புது போர்ட்டுக்குக் காசு கட்டினவர்களை எங்களுக்குத் தெரியும். சிலபேர் பழைய போர்ட்டைக் கடையிலேயே விட்டிட்டும் வந்திருக்கினம். எங்கட கேள்வி ஒன்றுதான். அப்டேட் தொடங்குகிற நிமிடம் வரைக்கும் நல்லா ஓடின போர்ட்டில் அப்படி என்ன போனது?

போனது பெரும்பாலும் எழுத்து மட்டும்தான். பயோஸ் இருப்பது எட்டுக் கால் உள்ள ஒரு சிப்பில். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. கிட்டப் பிடித்துப் பார்த்தால் 25கியூ64, 25கியூ128 என்று ஏதாவது எழுதியிருக்கும். 64 மெகாபிட் என்றால் 8 மெகாபைட், 128 என்றால் 16 மெகாபைட். ஒரு பாட்டு ஃபைல், மிஞ்சினால் இரண்டு. இன்டெல் புரொசெசர் கரண்ட் வந்து எழும்பியதும் தன் முதல் கட்டளையைத் தேடுகிற முகவரி, 4 ஜிகாபைட் எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே இருக்கிறது. அந்த முகவரி இந்தச் சிப்பைத்தான் காட்டுகிறது. ஏஎம்டி ரைசனில் அதற்கும் முன்னமே ஒரு சின்ன ஏஆர்எம் கோர் எழும்பி இதே சிப்பை வாசிக்கும். அப்டேட் என்பது இந்தச் சிப்பில் உள்ளதை அழித்து அழித்துத் திரும்ப எழுதுவது. நடுவில் நின்றால் பாதி அழிச்ச கொப்பிதான் மிச்சம். ஒன்றும் எரியவில்லை, ஒன்றும் உருகவில்லை. புரொசெசருக்கு வாசிக்க எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் “பற்றரியைக் கழட்டிப் போட்டுப் பார்” என்ற அறிவுரை இங்கே வேலை செய்வதில்லை. அந்தக் காசு மாதிரி வட்டப் பற்றரியைக் கழட்டினால் அழிவது செட்டிங்ஸ். அழிந்துபோன புரோகிராமைப் பற்றரி திரும்ப எழுதித் தராது.

அடுத்த அறிவுரை, “ஓடுற மெஷினில கை வைக்காதே.” ஒருகாலத்தில் நியாயமான பேச்சு. இப்ப இல்லை. பி450 போர்ட்டில் ரைசன் 5000 புரொசெசரைப் போடுவதென்றால் முதலில் பயோஸை அப்டேட் செய்தே ஆகவேண்டும். இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் புரொசெசர்கள் சில, கூடிய வோல்டேஜ் கேட்டுக் கேட்டுத் தங்களைத் தாங்களே பழுதாக்கிக்கொண்டபோது, 2024 ஓகஸ்டில் அதற்கான மைக்ரோகோட் திருத்தம் பயோஸ் அப்டேட்டாகத்தான் வந்தது. கை வைக்காமல் இருந்தவனுக்குத்தான் அங்கே ஆபத்து. லப்டொப்பில் விண்டோஸ் அப்டேட்டே சில நேரம் பயோஸையும் சேர்த்துக் கொண்டுவந்து விடுகிறது. ரீஸ்டார்ட் குடுத்தவருக்கு என்ன நடக்குது எண்டே தெரியாது.

இதோடு எங்கட கரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 2022 மார்ச் முடிகிறபோது ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாடு இது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு உபமின் நிலையத்துக்குள் போனதால் தீவு முழுக்க இருண்டது என்று மின்சக்தி அமைச்சரே சொன்னார். அந்த நிமிடத்தில் பயோஸ் அப்டேட் செய்துகொண்டிருந்தவரிடம் போய், அப்டேட் செய்யும்போது மெஷினை நிப்பாட்டாதீர்கள் என்று போர்ட் கொம்பனியின் கையேடு சொல்வதை வாசித்துக் காட்ட முடியுமா?

கொம்பனிகளுக்கு இந்தச் சிக்கல் தெரியாததல்ல. தீர்வும் அவர்களிடமே கிடக்கிறது. ஜிகாபைட் நிறுவனம் தன் பல போர்ட்டுகளில் இரண்டு பயோஸ் சிப் வைத்தது. ஒன்று போனால் மற்றது கைகொடுக்கும். பின்பக்கம் ஒரு பட்டன் உள்ள போர்ட்டுகளில், பயோஸ் ஃபைலைப் பென்னில் போட்டுச் செருகி அந்தப் பட்டனை அமத்தினால், புரொசெசரும் ரேமும் இல்லாமலேயே சிப் திரும்ப எழுதப்படும். பல ஹெச்பி லப்டொப்புகளில் விண்டோஸ் கீயையும் பி கீயையும் அமத்திக்கொண்டு பவர் போட்டால் மீட்பு தொடங்கும். டெல்லில் கொன்ட்ரோல், எஸ்கேப். சிப் முழுக்க அழியாமல் அதன் தொடக்கப் பகுதி தப்பியிருந்தால் இவை வேலை செய்யும். திருத்துற கடைக்குப் போக முதல் இதைச் செய்து பார்க்கக் காசு செலவில்லை.

எங்களுக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். அந்தப் பட்டனுக்குத் தேவை ஒரு சின்னக் கொன்ட்ரோலரும் கொஞ்சம் கம்பி வழியும். ஆனால் மலிவான போர்ட்டுகளில் அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். வெளிநாட்டு ஒஃபிசில் கழித்துவிட்ட பழைய மெஷினைச் செக்கன்ட்ஹாண்டில் வாங்கி ஏஎல் படிக்கிற பெடியனுக்கும் பெட்டைக்கும் அந்தப் பட்டன் கிடைப்பதில்லை. இன்னொரு போர்ட் வாங்க வசதி உள்ளவனுக்குத்தான் மீட்பு வசதியும் கிடைக்கிறது.

பட்டன் இல்லாதவர்களுக்கு மிச்சமுள்ள வழி சிஎச்341ஏ என்ற புரோகிராமர். யூஎஸ்பியில் செருகுகிற ஒரு குட்டிச் சாமான். கூடவே சிப்பைக் கவ்விப் பிடிக்க ஒரு கிளிப். எங்கட குழுவில் ஒருவரின் பி450 போர்ட்டுக்கு ஒரு கடை மேலே சொன்ன தீர்ப்பைத்தான் கொடுத்தது. நாங்கள் பவர் சப்ளையைக் கழட்டி, வட்டப் பற்றரியையும் எடுத்துவிட்டு, சிப்பின் மூலையில் உள்ள புள்ளிக்கு நேராகக் கிளிப்பின் சிவப்பு வயர் வரும்படி மாட்டினோம். முதலில் எழுதவில்லை, வாசித்தோம். இரண்டு தரம் வாசித்து இரண்டு ஃபைலும் ஒன்றா என்று ஒப்பிட்டோம். ஒன்றாக இல்லாவிட்டால் கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் எழுதப் போவது விசர் வேலை. வாசித்த ஃபைலைத் திறந்தால் நடுவிலிருந்து கடைசி வரை எஃப்எஃப், எஃப்எஃப், எஃப்எஃப். அழிக்கப்பட்ட சிப் அப்படித்தான் தெரியும். போர்ட் சாகவில்லை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேணும்?

அந்தப் பழுதான ஃபைலையும் எறியக்கூடாது. போர்ட்டின் மக் முகவரி, சீரியல் இலக்கம், லப்டொப் என்றால் விண்டோஸ் கீயும் பல நேரம் அதற்குள்தான் இருக்கும். கொம்பனி தளத்தில் இறக்குகிற ஃபைலை அப்படியே எழுதவும் ஏலாது. உதாரணமாக அசுஸின் கப் ஃபைல்களில் முன்னால் 2048 பைட் தலைப்பு ஒன்று ஒட்டியிருக்கும். அதை வெட்டி, ஃபைலின் அளவு சிப்பின் அளவுக்குச் சரியாக வருகிறதா என்று பார்த்துத்தான் எழுதவேண்டும். எழுதினபிறகு திரும்ப வாசித்துச் சரிபார்க்க வேண்டும். லினக்ஸில் ஃபிளாஷ்ரொம் என்ற இலவச மென்பொருள் இதெல்லாம் செய்யும்.

கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. ஒரு சிப்போடு மணிக்கணக்கில் மினக்கெட்டால் அந்த நேரத்துக்குக் கூலி தர எங்களில் எத்தனை பேர் தயார்? கிளிப்பில் வாசிக்காத சிப்பைச் சூட்டுக் காற்றால் கழட்டவேண்டி வரும். 1.8 வோல்ட் சிப்புக்கு அடப்டர் இல்லாமல் 3.3 வோல்ட் கொடுத்தால் அப்போது உண்மையாகவே போர்ட் போகும். 2013க்குப் பிறகு வந்த பல இன்டெல் மெஷின்களில் பூட் கார்ட் என்ற பூட்டு உண்டு. கொம்பனியின் கையொப்பம் இல்லாத பயோஸை அது ஏற்காது. எல்லாவற்றையும் மீட்கலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வாசித்துப் பார்க்காமல் ‘போச்சு’ என்று சொல்லாதேங்கோ என்கிறோம். சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்ட ஊருக்கு இது பெரிய கேட்பு இல்லை.

ஆனால் புரோகிராமரைவிட அருமையான சாமான் ஒன்று இருக்கிறது. சரியான ஃபைல். இன்டெல் தன் பழைய டெஸ்க்டொப் போர்ட்டுகளின் பயோஸ் ஃபைல்களை 2019 நவம்பரில் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. ஹெச்பி 2014இலேயே தன் சேர்வர்களின் பயோஸ் அப்டேட்டை வொரன்டியோ சேவை ஒப்பந்தமோ உள்ளவர்களுக்கு மட்டும் என்று ஆக்கியது. எங்கட பள்ளிக்கூடங்களிலும் வாசிகசாலைகளிலும் ஓடுவது பெரும்பாலும் கொம்பனி கைவிட்ட வயசு மெஷின்கள்தான். அவற்றின் ஃபைல்கள் இப்பவே எங்காவது சேர்த்து வைக்கப்படவேண்டும்.

நாங்கள் தொடங்கிவிட்டோம். உங்கட மெஷின் நல்லா ஓடுகிற போதே போர்ட்டின் பெயரையும், மூலையில் அச்சிட்டிருக்கிற ரிவிஷன் இலக்கத்தையும் படம் எடுங்கள். ரிவிஷன் 1.0க்கும் 2.0க்கும் பயோஸ் வேறாக இருக்கலாம், அதனால் இலக்கம் படத்தில் தெளிவாக விழவேண்டும். கொம்பனி தளத்தில் அந்த ஃபைல் இன்னும் இருந்தால் இறக்கி, படத்தோடு சேர்த்து எங்களுக்கு அனுப்புங்கள். சிப்பிலிருந்து நீங்களாக வாசித்த ஃபைலை மட்டும் அனுப்பவேண்டாம். அதில் உங்கட சீரியலும் விண்டோஸ் கீயும் கிடக்கும். அதை ஒரு பென்னில் போட்டு உங்கட லாச்சிக்குள்ளேயே வையுங்கோ.