எத்தனை நாளாய் இப்படி?



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நின்று சபையாருக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தேன். இளம் தாய் ஒருவர் தம் மூன்று வயது மகனை இடுப்பில் சுமந்தபடி கடைசியாக வந்தார். "ஐயா, இவன் இன்னும் பேச மாட்டேங்கிறான். பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறதில்லை. ஜெபம் பண்ணுங்க" என்றார். பிள்ளையின் தலையில் கைவைத்து ஜெபித்தேன். "விசுவாசத்தோடு காத்திருங்கள் அம்மா, கர்த்தர் இவன் நாவைத் திறப்பார்" என்று சொல்லி அனுப்பினேன். என் கடமையைச் செய்துவிட்டதாகவே எண்ணினேன்.

அவர் இரண்டு ஆண்டுகள் காத்திருந்தார். உபவாச ஜெபம் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. ஆண் பிள்ளை தாமதமாய்த்தான் பேசும் என்று உறவினர் தேற்றினார்கள். பள்ளியில் சேர்க்கப் போன இடத்தில் ஆசிரியை ஒருவர் சொன்ன பிறகே மருத்துவரிடம் போனார்கள். பிள்ளைக்கு ஆட்டிசம் என்று தெரியவந்தது. ஏன் முன்னமே கொண்டுவரவில்லை என்று மருத்துவர் கேட்டாராம். இதை என் வீட்டுக்கு வந்து சொன்னபோது அந்தத் தாய் அழவில்லை, கோபப்படவுமில்லை. "ஜெபம் பண்ணினீங்க ஐயா. ஆனா எத்தனை நாளா இப்படி இருக்கான்னு நீங்க கேக்கவே இல்லையே" என்றார். அவருடைய அனுமதியோடு இதை எழுதுகிறேன்.

அன்று இரவு மாற்கு 9ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். நான் பலமுறை பிரசங்கித்த பகுதிதான். தகப்பன் ஒருவன் தன் மகனைச் சீஷரிடம் கொண்டுவருகிறான். அவர்களால் ஒன்றும் கூடவில்லை. வேதபாரகர் சூழ நின்று தர்க்கம் பண்ணுகிறார்கள். ஆண்டவரோ பிள்ளையைக் கண்டவுடனே குணமாக்கிவிடாமல், முதலாவது தகப்பனை நோக்கி, இந்த நிலை எவ்வளவு காலமாய் இருக்கிறது என்று விசாரிக்கிறார். யாவையும் அறிந்தவர் ஏன் கேட்க வேண்டும்? தகப்பன் பேசவேண்டும் என்பதற்காகவே கேட்டார் என்று நான் நம்புகிறேன். தீயிலும் தண்ணீரிலும் விழுகிற பிள்ளையைச் சிறுவயதுமுதல் காவல் காத்து ஓய்ந்துபோனவன், அன்றுதான் அதை வாய்விட்டுச் சொல்கிறான். பின்பு அவன் வைக்கும் விண்ணப்பத்தைக் கவனியுங்கள். மகனுக்கென்று மாத்திரம் கேளாமல், 'எங்களுக்கு' என்று தன்னையும் சேர்த்துக் கேட்கிறான். அந்தப் பிள்ளையின் உபத்திரவமும் ஆட்டிசமும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. பிள்ளையோடுகூடப் பெற்றவர்களுக்கும் உதவி தேவை என்பதையே சொல்கிறேன்.

நம்முடைய சபை வாழ்வில் ஒரு குறை இருக்கிறது. நம் சாட்சி நேரத்தில் முடிந்துபோன துன்பத்துக்கு மாத்திரமே இடமுண்டு. வியாதி நீங்கியது, வேலை கிடைத்தது, குடித்தவர் திருந்தினார் என்று எழுந்து நின்று சொல்கிறோம், அல்லேலூயா என்கிறோம். ஆனால் துன்பத்தின் நடுவில் இருப்பவர் என்ன சாட்சி சொல்வார்? "நேற்று இரவும் என் மகள் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டாள்", "பொறுக்க முடியாமல் பிள்ளையை அடித்துவிட்டு நானே அழுதேன்" என்று எந்தத் தாய் ஒலிபெருக்கியில் சொல்ல முடியும்? எனவே அவர்கள் கடைசி வரிசையில் அமர்ந்து, ஆசீர்வாதம் கூறியவுடன் எழுந்து போய்விடுகிறார்கள். நம் பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண்களை விசாரிக்கிறவர்களுக்கு, அவர்கள் இரவில் உறங்குகிறார்களா என்று விசாரிக்கத் தோன்றுவதில்லை.

"மனநல ஆலோசனை உலகத்தாருக்குரியது, விசுவாசிக்கு ஜெபம் போதாதா?" என்று சிலர் கேட்கிறீர்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொண்டே ஜெபிக்கிறோம். அதை அவிசுவாசம் என்று யாரும் சொல்வதில்லை. 1900இல் ஐடா ஸ்கட்டர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைக் குறித்து நாம் மேன்மைபாராட்டுகிறோம். பாகாயத்திலுள்ள அதன் மனநல மையமும் அதே ஊழியத்தின் பகுதிதான். அங்கே வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான பிரிவுக்கு நம்பிக்கை நிலையம் என்று பெயர். பெற்றோரும் பிள்ளையோடு இருந்து, அவனுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று பயிற்சி பெறுகிறார்கள். ஜெபத்துக்கும் சிகிச்சைக்கும் நடுவே சுவர் எழுப்பியவர்கள் நாம்தான்.

ஆகையால் சில காரியங்களைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாத பிள்ளை, வயதுக்கேற்ற பேச்சில்லாத பிள்ளை, பேசிக்கொண்டிருந்து பேச்சை இழந்த பிள்ளை இருந்தால் காத்திராதேயுங்கள். ஆட்டிசம் தாயின் வளர்ப்பினால் வருவதல்ல; எவருடைய பாவத்தின் தண்டனையும் அல்ல. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ், மாவட்டங்களில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்து இயங்குகின்றன. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு அங்கே பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். வளர்ந்த பிள்ளையின் கோபமோ, கைப்பேசிப் பழக்கமோ, படிப்பில் திடீர் வீழ்ச்சியோ உங்களைக் கலங்கச் செய்தாலும், உங்கள் சொந்த மனச்சோர்வு உங்களை அழுத்தினாலும், 14416 என்ற எண்ணை அழைக்கலாம். டெலி மானஸ் எனப்படும் இந்த அரசு சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவும் பகலும் தமிழில் இலவசமாய்ப் பேசலாம். தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைப் பிள்ளை ஒருமுறை சொன்னாலும், ஞாயிற்றுக்கிழமை வரை வைத்திராமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எந்த நேரமானாலும் எனக்கும் சொல்லுங்கள், உங்களோடு வருகிறேன்.

ஆலோசகரைத் தேடும்போது கூச்சப்படாமல் கேளுங்கள்: என்ன படித்திருக்கிறீர்கள்? மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு உண்டா? நாங்கள் சொல்வதை இரகசியமாய்க் காப்பீர்களா? எங்களுக்கும் வீட்டில் செய்யக் கற்றுக்கொடுப்பீர்களா? சில வாரங்களில் முழுச் சுகம் என்று வாக்குக் கொடுத்துப் பெரும் பணம் கேட்கிறவரிடம் எச்சரிக்கையாயிருங்கள். அப்படிச் சொல்கிறவர் கையில் வேதப்புத்தகம் இருந்தாலும் அந்த எச்சரிக்கை வேண்டும்.

மருத்துவர் பிள்ளைக்கு வழிகாட்டுவார். ஆனால் இரவு இரண்டு மணிக்கு விழித்திருக்கும் தாயின் மனம், அதே இரண்டு மணியை அறிந்த இன்னொரு தாய்க்குத்தான் புரியும். குடிப்பழக்கத்தால் அவதியுறும் குடும்பத்தார் கூடுகிற அல்-அனான் குழுக்கள் 1951இல் உருவானவை. அங்கே எவரும் எவருக்கும் போதகரல்ல. அவரவர் தம் அனுபவத்தைச் சொல்கிறார்கள், மற்றவர்கள் கேட்கிறார்கள். பிள்ளைகளின் பாரம் சுமக்கும் பெற்றோருக்கும் அப்படியொரு கூடுகை நம் சபையில் வேண்டும். நம் ஞாயிறுபள்ளி அறையில், மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மாலை அதைத் தொடங்க விரும்புகிறேன். அங்கே பேசப்படுவது அந்த அறையைவிட்டு வெளியே போகக் கூடாது. ஜெபக்குறிப்பு என்ற பெயரிலும் போகக் கூடாது. கேளாதவருக்கு ஆலோசனை சொல்லக் கூடாது. அழுகிறவரின் வாயை ஒரு வசனத்தால் அடைக்கக் கூடாது. தகப்பன்மாரும் வரவேண்டும், பிள்ளையின் குறையை மனைவியின் தோளில் மாத்திரம் ஏற்றிவைப்பது அநியாயம். அந்த மாலைகளில் நான் பிரசங்கிக்க மாட்டேன். தேநீர் ஊற்றிக் கொடுக்க வருகிறேன்.

குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் நாளில், அதன் வளர்ப்பில் துணைநிற்போம் என்று சபையாகிய நாமும் ஒப்புக்கொடுக்கிறோம். அந்த வாக்கு நல்ல மதிப்பெண் வாங்குகிற பிள்ளைகளுக்கு மாத்திரம் கொடுத்ததல்ல.

அந்தத் தாயின் மகனுக்கு இப்போது பேச்சுப் பயிற்சி நடக்கிறது. சில சொற்கள் வந்திருக்கின்றன. இழந்த இரண்டு ஆண்டுகளை நான் திருப்பிக் கொடுக்க முடியாது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். முதல் கூடுகைக்குத் தாம் வருவதாக அவர் சொல்லியிருக்கிறார்.

இந்த வாரம் ஆலய வாசலில் பிள்ளையோடு திண்டாடும் ஒருவரைக் கண்டால், "ஜெபித்துக்கொள்கிறேன்" என்று சொல்லிக் கடந்துபோகாதேயுங்கள். சற்று நின்று, "எத்தனை நாளாய் இப்படி?" என்று கேளுங்கள். பதில் முடியும்வரை காத்திருங்கள். பின்பு சேர்ந்து ஜெபியுங்கள்.

தகப்பனின் வார்த்தைகளைப் பொறுமையோடு கேட்ட ஆண்டவர், நமக்கும் கேட்கிற செவியைத் தந்தருள்வாராக. ஆமென்.

உங்கள் போதகர்