எந்த வெர்னியரோட சுழிப்பிழை?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல ஜிபிஎஸ் சேர்க்கப் போறீங்களா? அப்போ இது உங்களுக்குத்தான்.

நம்ம ஊர் ப்ராஜெக்ட் கதை எல்லாருக்கும் தெரியும். மாட்யூல் வாங்கினோம், ஆர்டுவினோவுல மாட்டினோம், மேப்ல புள்ளி வந்துச்சு, ரிவ்யூ முடிஞ்சுது. அந்தப் புள்ளி நிஜமாவே நாம நிக்கற இடத்துலதான் இருக்கான்னு யாரும் கேட்கறதில்லை. சாதாரண மாட்யூல் சில மீட்டர் தள்ளித்தான் காட்டும். ஆட்டோ புக் பண்ண அது போதும். பொள்ளாச்சிப் பக்கம் தோப்புல மருந்தடிக்கிற ட்ரோன் பக்கத்துத் தோட்டத்துக்குள்ள போகாம இருக்கணும்னா அது போதாது.

சில மீட்டரை சென்டிமீட்டராக்க முக்கியமா வேண்டியது நேரம். செயற்கைக்கோளிலிருந்து சிக்னல் வர எடுத்துக்கொண்ட நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கித்தான் ரிசீவர் தூரம் கண்டுபிடிக்கிறது. 1 நானோ நொடி தப்பினால் தூரத்தில் 30 சென்டிமீட்டர் தப்பும். மேலே இருப்பது அணுக்கடிகாரம்தான்; ஆனாலும் அது கொஞ்சம் கொஞ்சமா நகரும். தரையில் இருக்கிற நிலையங்கள் அதைக் கவனித்து, சில நொடிகளுக்கு ஒருமுறை திருத்தம் அனுப்பும். இது கடிகாரத் திருத்தம்.

இன்னொன்று சிக்னல் பயாஸ். செயற்கைக்கோளின் மின்னணுச் சுற்றுக்குள் ஒவ்வொரு சிக்னலும் வெளியேற ஒவ்வொரு அளவு தாமதமாகும். எல்1-க்கு ஒன்று, எல்5-க்கு வேறொன்று. ஒரே அலைவரிசையில் வரும் இரண்டு குறியீடுகளுக்கே தாமதம் வேறாக இருக்கும். ஜிபிஎஸ் தானே ஒலிபரப்பும் கடிகார மதிப்பு எல்1, எல்2 இரண்டிலும் வரும் பி குறியீட்டை வைத்துக் கணக்கிடப்பட்டது. நம்ம கையிலிருக்கும் மலிவு ரிசீவர் பிடிப்பது சி/ஏ குறியீட்டை. இரண்டுக்கும் நடுவிலிருக்கும் வித்தியாசத்தைக் கழிக்காவிட்டால் கணக்கு உதைக்கும்.

எங்க டீமுக்கு உதைச்சது. கடிகாரத் திருத்தத்தை ஒரு இடத்துலருந்து எடுத்தோம். அதுல பயாஸ் இல்லைன்னு வேற இடத்து ஃபைலைச் சேர்த்தோம். ரெண்டுமே நல்ல தரமான டேட்டாதான். ஆனா மொட்டை மாடியில வெச்ச ஆன்டெனாவோட புள்ளி ஒரு இடத்துல நிக்கவே மாட்டேங்குது. ஒரு வாரம் கோடுல தப்பு தேடினோம்.

ஸ்டாண்டு செய்ய கணபதியில ஒரு லேத் பட்டறைக்குப் போனப்போ, காத்திருந்த நேரத்துல அங்க இருந்த அண்ணன்கிட்ட இதைப் புலம்பினேன். முழுசாக் கேட்டுட்டு அவர் கேட்டது இதுதான்: "ஏங்கண்ணு, ஒரு வெர்னியர்ல அளந்துபோட்டு, இன்னொரு வெர்னியரோட சுழிப்பிழையைக் கழிச்சா ஜாப் எப்படிச் சேரும்?"

பிரச்சினையே அதுதான். கடிகாரத்தையும் பயாஸையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க ரிசீவரால் முடியாது. அதற்குத் தெரிவது கூட்டுத்தொகை மட்டும். கணக்கிடும் மையம் ஒன்று கடிகாரத்தில் கொஞ்சம் கூடுதலாகவும் பயாஸில் கொஞ்சம் குறைவாகவும் வைத்திருக்கலாம். இன்னொரு மையம் தலைகீழாக வைத்திருக்கலாம். இரண்டும் சரி. இதிலிருந்து பாதி, அதிலிருந்து பாதி எடுப்பதுதான் தப்பு. 2013 முதல் நிகழ்நேரச் சேவை தரும் ஐஜிஎஸ் போன்ற சர்வதேச அமைப்பு பல மையங்களின் திருத்தங்களை ஒன்று சேர்க்கும்போதும் இதே சிக்கல்தான். முதலில் எல்லாவற்றையும் ஒரே அடிப்படைக்குக் கொண்டுவர வேண்டும்; அப்புறம்தான் சராசரி.

அதனால் என் கருத்து இதுதான்: திருத்தம் தருபவர் கடிகாரத்தையும் பயாஸையும் ஒரே செட்டாகத் தரணும், யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி தரணும். ஐரோப்பாவின் கலிலியோ 2023 ஜனவரியில் அப்படியொரு சேவையை இலவசமாகத் தொடங்கியது. சுற்றுப்பாதை, கடிகாரம், பயாஸ் மூன்றும் செயற்கைக்கோள் வழியாகவே ஒன்றாக வருகின்றன, இன்டர்நெட்டிலும் கிடைக்கின்றன. கிடைமட்டத்தில் 20 சென்டிமீட்டர்தான் அதன் இலக்கு.

நம்ம நாவிக்குக்கும் இது வேணும். கடிகாரத்தோட அருமை இஸ்ரோவுக்குத் தெரியாததில்லை. ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ-வில் இருந்த மூன்று இறக்குமதி ரூபிடியம் கடிகாரங்களும் பழுதாகி, 2018 ஏப்ரலில் 1ஐ-யை அனுப்ப வேண்டியதாச்சு. 2023 மே 29-ல் போன என்விஎஸ்-01-ல் நாமே செய்த அணுக்கடிகாரம் இருக்கு. அதே செயற்கைக்கோள் எல்1 சிக்னலையும் புதுசா அனுப்புது. அதுவரை நாவிக் கடிகாரக் கணக்கு எல்5, எஸ் சிக்னல்களை வைத்துத்தான். புது சிக்னல் வந்தா புது பயாஸும் வரும். கடிகாரம் செஞ்சாச்சு, அதோட சுழிப்பிழையையும் சேர்த்து எல்லாருக்கும் கொடுத்தாத்தான் அளவுகோல் முழுசாகும்.

'அதான் ஆர்டிகே இருக்கே'ன்னு கேட்பீங்க. சர்வே ஆஃப் இந்தியா நாடு முழுக்க கார்ஸ் நிலையங்கள் வெச்சிருக்கு, நல்ல விஷயம். ஆனா ஆர்டிகேவுக்குப் பக்கத்துல ஒரு நிலையமும், விடாத நெட்டும் வேணும். நெட் சிக்னல் ஒரு கோடு கூட வராத தோட்டத்துல, வானத்துலருந்தே திருத்தம் வந்தாத்தான் ட்ரோன் ஓடும்.

கேட்கற நாமளும் சும்மா இருக்கக் கூடாது. ஜப்பான்காரர் தகாசு எழுதிய ஆர்டிகேலிப் இலவசம். மூல நிரலையே திறந்து படிக்கலாம். லேப்டாப்ல போட்டுப் பாருங்க. அடுத்த ரிவ்யூவுல மேப்பைக் காட்டறதுக்கு முன்னாடி ஒரு ஸ்லைடு சேருங்க: எங்க கடிகாரத் திருத்தம் எங்கிருந்து வந்துச்சு, பயாஸ் எங்கிருந்து வந்துச்சுன்னு. ரெண்டு வரியிலயும் வேற வேற பேர் இருந்தா, கோடுல தப்பு தேடறதை நிறுத்திட்டு முதல்ல அதை மாத்துங்க. எங்களுக்கு ஒரு வாரம் போச்சு. உங்களுக்குப் போக வேண்டாம்.