சட்டையில் ஒரு விண்மீன்

மாலை ஆறு மணிக்குத் தாம்பரம் ரயில் நிலைய நடைமேடையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: மனிதர் வாய் திறப்பதற்கு முன்பே அவருடைய சட்டை பேசிவிடுகிறது. காக்கிச் சட்டை ஒன்று சொல்கிறது. கழுத்தில் தொங்கும் கம்பெனி அட்டை மற்றொன்று சொல்கிறது. கார்த்திகை பிறந்துவிட்டாலோ கறுப்பு வேட்டியும் துளசிமணி மாலையும் கூட்டத்தில் பளிச்சென்று தெரிகின்றன. மாலை போட்டவர் ஒருவர், முன்பின் கண்டிராத இன்னொருவரைப் பார்த்து, "சாமி, கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்கிறார். எதிரில் இருப்பவர் ஆந்திரத்துக்காரராக இருக்கலாம், கன்னடக்காரராகவும் இருக்கலாம். அவரும் "சாமி" என்றே பதில் சொல்கிறார். பெயர் கேட்பதற்கு முன்பே அங்கே ஓர் உறவு பிறந்துவிடுகிறது.

ஒரு மொழிக்காகவே இப்படிச் சின்னம் அணிந்தவர்கள் உலகில் உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அன்றைய ருஷ்யப் பேரரசில் இருந்த பியாலிஸ்டாக் என்னும் ஊரில் 1859-இல் பிறந்தவர் சாமென்ஹாப். அவ்வூரில் ருஷ்யர், போலந்துக்காரர், ஜெர்மானியர், யூதர் என நால்வகை மக்கள் வாழ்ந்தனர். நால்வகை மொழி பேசினர். ஒருவரையொருவர் ஐயத்தோடு பார்த்தனர். அதைக் கண்டு வருந்தி வளர்ந்த சிறுவன் பின்னாளில் கண் மருத்துவரானார். எவருக்கும் தாய்மொழியாக இல்லாத, எவரும் எளிதில் கற்கக்கூடிய ஒரு பொதுமொழியை உருவாக்கி 1887-இல் வார்சாவில் நூலாக வெளியிட்டார். அதன் அடிப்படை இலக்கண விதிகள் பதினாறே! நூலில் அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் 'டாக்டர் எஸ்பெரான்டோ'. நம்பிக்கை கொண்டவன் என்பது அதன் பொருள். அப்பெயரே மொழிக்கும் பெயராயிற்று. 1905-இல் பிரான்சு நாட்டில் முதல் உலக மாநாடு கூடியது. ஐந்து முனைகள் கொண்ட பச்சை விண்மீன் அவர்களின் சின்னமாக நிலைத்தது.

அந்த விண்மீனைச் சட்டையில் குத்திக்கொண்டவர் எந்த ஊரிலும் அந்நியர் அல்லர். ரயிலிலோ கடைத்தெருவிலோ மற்றொரு விண்மீனைக் கண்டால் தயக்கமின்றி அருகே சென்று பேசலாம். "என்னோடு பேசலாம்" என்பதே அச்சின்னத்தின் பொருள்.

இத்தகைய எளிய சின்னத்துக்கும் பகைவர்கள் இருந்தார்கள். 1936-இல் இட்லரின் ஆட்சி எஸ்பெரான்டோ அமைப்புகளைத் தடை செய்தது. சாமென்ஹாபின் மகன் 1940-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். மகள்கள் இருவரும் 1942-இல் திரெப்ளிங்கா கொலைமுகாமில் மாண்டனர். ஸ்டாலின் ஆட்சியிலும் எஸ்பெரான்டோவினர் சிறைப்பட்டனர், கொல்லப்பட்டனர். எல்லாரோடும் பேசுவேன் என்பவனைக் கண்டு கொடுங்கோலர் ஏன் அஞ்சுகிறார்கள் என்பது சிந்திக்கத்தக்கது.

நம் நாட்டிலும் உடை பேசியதுண்டு. 1921-இல் மதுரையில் அண்ணல் காந்தியடிகள் அரையாடைக்கு மாறினார். கதர் அணிந்தவரைக் கண்டதும் 'இவர் நம்மவர்' என்று அடையாளம் கொண்டனர் விடுதலை வீரர்கள். 1945-இல் பெரியார் கருஞ்சட்டைப் படையைத் தொடங்கினார். 1948-இல் சென்னை மாகாண அரசு அப்படையைத் தடை செய்தது. கதரும் கருஞ்சட்டையும் கருத்தால் வேறுபட்டவை. ஆனால் இரண்டும் அணிபவர் விரும்பி அணிந்தவை. எந்தக் குடியில் பிறந்தவரும் அணியலாம்.

இன்று நம் தமிழ்நாட்டுப் பள்ளிகள் சிலவற்றில் வேறொரு சின்னத்தைக் காண்கிறோம். மாணவர் மணிக்கட்டில் வண்ணக் கயிறு! இன்ன வண்ணம் என்றால் இன்ன சாதி. 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, இக்கயிறுகளைத் தடை செய்ய வேண்டும் என்று 2024-இல் பரிந்துரைத்தது. கயிறும் அடையாளந்தான், விண்மீனும் அடையாளந்தான். ஆனால் விண்மீன் "வா, பேசலாம்" என்கிறது. கயிறு "விலகிப் போ" என்கிறது. எந்தச் சின்னத்தையும் இந்த ஓர் அளவுகோலால் அளந்து பார்க்க வேண்டும் என்பது என் துணிபு.

நிற்க. இதையெல்லாம் நான் எண்ணத் தொடங்கியது என் சொந்த வெட்கத்தினால்தான்.

சென்ற ஆண்டு ஒருநாள், நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏரிக்கரைத் துப்புரவுப் பணியை முடித்துக்கொண்டு தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டிக்காக நின்றிருந்தேன். சட்டையில் திட்டத்தின் பேட்ஜ் இருந்தது. அறுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர், கையில் எக்ஸ்ரே உறையோடு அழுதபடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏதேதோ சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. சட்டென்று என் பேட்ஜைத் தொட்டு, "கோனார்க்" என்றார். அந்தப் பேட்ஜில் இருப்பது ஒடிசாவின் கோனார்க் சூரியன் கோயில் தேர்ச்சக்கரம்! அதைக் கண்டு, தம் ஊர்க்காரன் என்று எண்ணிவிட்டார் போலும்.

'எனக்காக அல்ல, உனக்காக' என்பது எங்கள் திட்டத்தின் குறிக்கோள். நானோ "தெரியாது, தெரியாது" என்று தலையை ஆட்டினேன். வண்டி வந்தது. ஏறிவிட்டேன்.

மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னபோது, பின் இருக்கை நண்பர் ஒருவர் திடுக்கிட்டார். "நானும் அந்த நேரம் அடுத்த பிளாட்பாரத்துலதான் நின்னேன். அப்பாவுக்கு ரயில்வே வேலை. பத்து வயசு வரைக்கும் கட்டாக்கில்தான் படிச்சேன். ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதாப்பா?" என்றார்.

இரண்டு ஆண்டுகள் ஒரே வகுப்பில் இருந்தும் அவருக்கு ஒடியா தெரியும் என்பது எனக்குத் தெரியாது. உதவக்கூடியவர் இருந்தார், அவர் இருப்பதை யாரும் அறியவில்லை. அந்த அம்மையார் தம் மக்களோடு சேர்ந்திருப்பார் என்றே நம்ப விரும்புகிறேன்.

மாணவ நண்பர்களே! ஒடிசாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் இன்று நம் புறநகரில் கட்டடம் கட்டுகிறார்கள், உணவகங்களில் பரிமாறுகிறார்கள். 2023-இல் அவர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பொய்ச் செய்தி பரவியபோது, அஞ்சி ஊர் திரும்பியோர் பலர். அவரவர் மொழியில் ஆறுதல் சொல்ல அருகில் ஒருவர் இருந்திருந்தால் அந்தப் பொய் அவ்வளவு எளிதில் பலித்திருக்குமா? கணியன் பூங்குன்றனார் பெயரைச் சொல்லாமல் நம் விழா மேடைகள் முடிவதில்லை. மேடையை விட்டு இறங்கி நடைமேடைக்கு வந்தால் என்ன செய்கிறோம்?

ஆகவே ஒரு சிறு யோசனை. நம் கல்லூரியில் தெலுங்கு, உருது, இந்தி, மலையாளம், சௌராட்டிரம் அறிந்தவர் உள்ளனர். சைகை மொழி அறிந்தவரும் இருக்கலாம். அவரவர் மொழியின் பெயரை அம்மொழியின் எழுத்திலேயே எழுதிய சிறு பேட்ஜை அணிந்து ரயிலேறுவோம். சைகை மொழிக்கு இரு கைகளின் படம் போதும்.

கைப்பேசியில் மொழிபெயர்ப்பு வசதி இருக்கிறதே என்பீர்கள். அழுது நிற்கும் முதியவர் கையில் கைப்பேசி இல்லையே! இது மொழிப் பூசலை வளர்க்காதா என்பார் சிலர். யாரையும் எதையும் கற்கச் சொல்லவில்லை. எவர் மொழியையும் விடச் சொல்லவில்லை. தெரிந்ததை வெளியே காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பிறருக்குச் சொல்லும் முன் நான் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. கேலி செய்வார்களோ என்று அஞ்சி இதுவரை வகுப்பில் எவரிடமும் சொன்னதில்லை. இம்மலர் உங்கள் கைக்கு வரும் நாளில் என் சட்டையில் அந்தப் பேட்ஜ் இருக்கும். நடைமேடையில் கண்டால் பேசுங்கள்.