முதலில் வழக்கு, பிறகுதான் பேச்சா?

‘வீட்டைக் காலி செய்ய மறுக்கும் வாடகைதாரரிடம் என்ன பேச்சு? நேரே வழக்குப் போடுங்கள். பேசப் போனால் இளிச்சவாயன் ஆவீர்கள்’ என்கிறார் நண்பர். வீரமாகத்தான் இருக்கிறது. சண்டை எதைப் பற்றியது என்று மட்டும் அவர் கேட்கவில்லை.

சென்னையில் இந்தச் சண்டைகள் பலவற்றின் வேர் அட்வான்ஸ். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைதான் என்கிறது. நகரத்தின் பழைய வழக்கமோ பத்து மாதம். வாங்கிய பணத்தை உரிமையாளர் எப்போதோ செலவழித்திருப்பார். ‘சாவி கொடு, பிறகு பணம்’ என்பார் இவர். ‘பணம் வை, பிறகு சாவி’ என்பார் வாடகைதாரர். இதற்கா நீதிமன்றம்? தேதி குறித்து, வாடகை பாக்கியையும் பெயின்ட் செலவையும் கழித்து, சாவியும் பணமும் ஒரே நாளில் கைமாறினால் போதும்.

‘எழுதிக் கொடுத்துவிட்டு ஏமாற்றினால்?’ நியாயமான கேள்வி. வெறும் பத்திரத்தாளை நானும் நம்ப மாட்டேன். ஆனால் வழக்குத் தொடுக்கும் முன்பே, சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக மக்கள் நீதிமன்றத்துக்குப் போகலாம். கட்டணமில்லை. இருவரும் ஒப்புக்கொண்டு அங்கே பிறக்கும் தீர்வு, 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம்; மேல்முறையீடு கிடையாது. நண்பர் சொல்லும் வழக்கிலோ தீர்ப்பு வந்த பிறகும் மேல்முறையீடு காத்திருக்கிறது.

காவல் நிலையக் கட்டைப் பஞ்சாயத்தை நான் பேச்சு என்று சொல்லவில்லை. தண்ணீரை நிறுத்துவதும் மின்சாரத்தைத் துண்டிப்பதும் பேச்சே அல்ல, சட்டமீறல். எதற்கும் இறங்கி வராதவர்மீது வழக்குத் தொடுங்கள், தடுக்கவில்லை. அதற்கு முன், எத்தனை மாத அவகாசம் வேண்டும் என்று அவரிடம் ஒரு தடவையாவது கேட்டீர்களா, நண்பரே?