பாண்டித்தியம் மட்டும் போதாது

விஷயம் தெரிந்தவனுக்குப் போதிக்கத் தானே வரும், ஆகையால் கல்லூரி ஆசிரியருக்குப் பயிற்சி, கல்வித் தொழில்நுட்பம் என்று சர்வகலாசாலைகளில் தனிப் பிரிவு வைத்து ஆள் நியமிப்பது தண்டச் செலவு என்னும் அபிப்பிராயம், நாடு முழுவதும் வேரூன்றிய ஒன்றே. ஆனால் திருவண்ணாமலையின் செங்கம் சாலையில், ரமணாசிரமத்தை ஒட்டிய டீக்கடைகளில், அதற்கு ஒரு தெய்விக ஆதாரமும் கிடைத்துவிடுகிறது. "பகவான் வாயைத் திறந்தா உபதேசம் பண்ணினார்?" என்று ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் கேட்டுவிட்டால், அப்புறம் அங்கே யாரும் மறுவார்த்தை பேசுவதில்லை.

பேசத்தான் வேண்டும். 1896-ல் இவ்வூர் வந்து சேர்ந்த ரமணர் பேசாதிருந்த காலத்தில், தென்னார்க்காடு கலெக்டர் கச்சேரியில் உத்தியோகம் பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை அவரிடம் வந்து கேள்விமேல் கேள்வியாக அடுக்கியபோது, விடைகள் மணலிலும் சிலேட்டிலும் எழுதியல்லவா தரப்பட்டன? 1923-ல் 'நான் யார்?' என்று நூலாக வெளிவந்த அவ்வினாவிடைகளைப் பிற்பாடு கட்டுரை வடிவாகவும் அமைத்துக் கொடுத்தவர் ரமணரே. தமிழில் தாம் இயற்றிய உபதேச உந்தியாரைத் தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் மலையாளத்திலும் செய்து தந்தவரும் அவரே. கேட்பவனுக்கு எட்டும் சாதனம் எது, ஏற்கும் வடிவம் எது என்று அத்தனை பிரயாசை எடுத்துக்கொண்ட ஒருவரை, பிரயாசையே வேண்டாம் என்கிற கட்சிக்குச் சாட்சியாக இழுப்பது அநியாயம்.

இனி, நமது கல்வி ஏற்பாட்டின் விசித்திரத்தைப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்த வருகிறவரிடம் பி.எட். கேட்கிறோம், அதே கணக்கைக் கல்லூரியில் நடத்த முதுகலையும் நெட் அல்லது செட் தேர்வும், இல்லையேல் முனைவர் பட்டமும் இருந்தால் போதும். நெட் தேர்வின் முதல் தாளில் கற்பித்தல் திறனைப் பற்றிச் சில கேள்விகள் உண்டு. அவற்றுக்கும் நான்கு விடைகளில் ஒன்றைக் குறித்தால் முடிந்தது. இக்குறையைத் தீர்க்கவே, 1986-ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர் பயிற்சிக்கென்று தனிக் கல்லூரிகளைச் சர்வகலாசாலைகளில் நிறுவியது. இடையில் மனிதவள மேம்பாட்டு மையம், இப்போது மாளவியா மிஷன் என்று பெயர்கள் மாறிவிட்டன, மாறாதது, "ரெஃப்ரெஷர் முடித்தாயிற்றா?" என்று பதவி உயர்வை நினைத்துக் கேட்கும் கேள்விதான். அங்கே என்ன கற்றீர் என்று எவரும் எவரையும் கேட்டதாக நான் அறியேன்.

இயந்திரங்களுக்கோ பஞ்சமில்லை. 1984-லேயே தொலைக்காட்சியில் உயர்கல்விப் பாடங்கள் வந்தாயிற்று, ஐ.ஐ.டி.க்களின் என்.பி.டி.இ.எல்., பிறகு 2017-ல் ஸ்வயம் என்று விரிவுரைகள் மலைபோல் குவிந்திருக்கின்றன. வகுப்பறையில் நடப்பதென்ன? விளக்கை அணைத்துவிட்டு, மாணவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பாடப்புத்தகத்துப் பத்தியை அப்படியே ஏற்றிய ஸ்லைடை ஆசிரியர் வரி விடாமல் வாசிக்கிறார். போளூரிலிருந்தும் கலசபாக்கத்திலிருந்தும் விடியலில் பஸ் பிடித்து வந்த, தம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகள், கடைசி பெஞ்சில், எழுத்தும் தெரியாமல் பொருளும் தெரியாமல் அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் வகுப்பு.

அந்த ஸ்லைடைப் பார்த்து, "ஐயா, இதில் பாதியை எடுத்துவிட்டு இங்கே ஒரு கேள்வி கேளுங்கள், ஐந்து நிமிஷம் பக்கத்துப் பிள்ளையோடு பேசி விடை சொல்லட்டும்" என்று பக்குவமாக எடுத்துச் சொல்லவும், சொன்னபடி நடந்ததா என்று வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்க்கவும், எந்தப் பாடத்துக்குக் காணொளி உதவும், எதற்குக் கரும்பலகையே மேல் என்று தீர்மானிக்கவும் ஒருவர் வேண்டும். தண்டச் செலவு எனப்படும் கல்வித் தொழில்நுட்ப உத்தியோகம் அதுதான். பொறுமையும், பாடத்தில் ஞானமும், தன்னைவிட மூத்தவரிடம் குறை சொல்லும் சாமர்த்தியமும் ஒருசேர வேண்டிய இதற்கு நாம் வைத்திருக்கும் மரியாதை, 'புரொஜெக்டர் தம்பி' என்கிற பட்டம்! ஒயர் கழன்றால் மட்டும் அவர் ஞாபகம் வரும்.

இந்த ஜில்லாவின் கல்லூரிகள் இணைந்திருக்கும் வேலூர் திருவள்ளுவர் சர்வகலாசாலையாகட்டும், தமிழ்நாட்டின் ஏனைய சர்வகலாசாலைகளாகட்டும், அடுத்த ஸ்மார்ட் போர்டுக்கு டெண்டர் விடுவதற்கு முன், இத்தொழில் தெரிந்தவர்களை ஆசிரியருக்குச் சமமான அந்தஸ்தில் நிரந்தரமாக நியமிக்கட்டும். பதவி உயர்வுக்குச் சான்றிதழைப் பார்ப்பதோடு நில்லாமல், வகுப்பையும் ஒருமுறை வந்து பார்க்கட்டும்.